போல்ட்டைத் துரத்திய போகி

லெவல் கிராசிங்கில் சரக்கு ரயில் கடப்பதற்காகக் காத்திருந்த நேரத்தில் வாசகர் ஒருவருக்குத் தோன்றிய கேள்வி இது. பயணிகள் பெட்டியின் அடியில் ஸ்பிரிங், துள்ளலைத் தணிக்கும் டேம்பர், ரப்பர் என்று ஒரு கடையே விரிந்திருக்கிறது. வேகனின் அடியில் சக்கரங்களுக்கு மேலே ஒரு முரட்டு இரும்பு வார்ப்பு, நடுவில் சில ஸ்பிரிங், அவ்வளவுதான் தெரிகிறது. எண்பது டன் எடைக்கு இந்த ஏற்பாடு போதுமா? நிலக்கரிதானே, குலுங்கினால் என்ன என்று விட்டுவிட்டார்களா?

குலுங்கினால் என்ன என்பது உண்மைதான். நிலக்கரி புகார் எழுதுவதில்லை. ஆனால் வேகனின் போகி, அதாவது சக்கரங்களையும் அச்சுகளையும் பிடித்திருக்கும் அந்த அடித்தொகுதி, அப்படி இருப்பதற்கு முக்கியமான காரணம் வேறு. பார்க்க முரடாக இருக்கும் அந்த அமைப்பில், எட்டாம் வகுப்பு நெம்புகோல் பாடம் நான் அறிந்தவரையில் மிக அழகாக வேலை செய்கிறது. அதன் இன்றைய உருவத்துக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் வேகன் தொழிற்சாலை நடத்திய ஒரு கலப்பை மெக்கானிக்.

வில்லியம் பீட்டர் பெட்டன்டார்ஃப் 1857இல் இல்லினாய் மாநிலத்தின் மெண்டோட்டா என்ற சிற்றூரில் பிறந்தவர். ஜெர்மானியக் குடியேறிக் குடும்பம். கல்லூரிப் பக்கம் போனதில்லை. கடையில் எழுத்தராக இருந்து, பிறகு கலப்பைத் தொழிற்சாலையில் தொழில் பழகினார். உட்கார்ந்து ஓட்டும் கலப்பையின் கொழுவை, குதிரைகள் இழுக்கும் விசையைக் கொண்டே தூக்கிவிடும் ஓர் அமைப்பை 1870களின் இறுதியில் கண்டுபிடித்தார். அடுத்து, பண்ணை வண்டிகளுக்கு மரச் சக்கரத்துக்குப் பதிலாக உலோகச் சக்கரம். 1886இல் தம்பி ஜோசப்புடன் டேவன்போர்ட் நகரில் சக்கரத் தொழிற்சாலை தொடங்கினார். அங்கிருந்து வண்டி அச்சு, வண்டியின் அடிச்சட்டம், ரயில் வேகனின் அடிச்சட்டம் என்று வேலை ஒவ்வொரு படியாக மேலேறியது. நிறுவனத்தின் பெயரும் பெட்டன்டார்ஃப் ஆக்சில் கம்பெனி என்றாயிற்று.

அவர் ரயிலுக்குள் நுழைந்த காலம் முக்கியமானது. 1890களின் தொடக்கத்தில் அமெரிக்க வேகன் என்றால் மரவேலை. முப்பது டன் ஏற்றினால் பெரிய விஷயம். 1897இல் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சார்லஸ் ஷோன் என்பவரின் நிறுவனம், கார்னெகியின் எஃகு ஆலைகளுக்குத் தாது ஏற்றிவந்த ரயில் பாதைக்காக, எஃகுத் தகட்டை அழுத்தி வடித்த அறுநூறு வேகன்களுக்கு ஆர்டர் பிடித்தது. ஐம்பது டன் கொள்ளளவு. மேலே இருக்கும் பெட்டி ஒரே தாவலில் எஃகு யுகத்துக்குப் போய்விட்டது. கீழே இருந்த போகி பழைய யுகத்திலேயே நின்றது.

அந்தப் பழைய போகிக்கு ஆர்ச்பார் என்று பெயர். பட்டை இரும்புச் சட்டங்களை வில்லாக வளைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே தூண்கள் வைத்து, இரு முனைகளிலும் அச்சின் முனையைத் தாங்கும் ஆக்சில் பாக்ஸைச் செருகி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கியது. எந்த ஊர்க் கொல்லரும் செய்துவிடக்கூடிய பொருள். விலையும் மலிவு, பழுது பார்ப்பதும் எளிது. அதன் ஒரே குறை, அது முழுக்க முழுக்க இணைப்புகளால் ஆனது என்பதுதான்.

போல்ட் ஏன் தானாகக் கழல்கிறது? இழுவிசையால் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் போல்ட் நீளவாக்கில் இழுபடும்போது அவ்வளவாகக் கழலாது. அது இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு தகடுகள் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று நூலளவு வழுக்கினால் போதும். வழுக்கும் அந்தக் கணத்தில் மரைகளுக்கு இடையேயான உராய்வு வேறு திசையில் செலவாகிவிடுகிறது. நட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் மிச்சமிருப்பதில்லை. மரையின் சரிவு தன் வேலையைக் காட்ட, நட்டு ஒரு துளி திரும்புகிறது. அடுத்த அதிர்வில் இன்னொரு துளி. ஜெர்மானியப் பொறியாளர் ஜுங்கர் இதைச் சோதனை செய்து தெளிவாக விளக்கியது 1969இல்தான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, ஒவ்வொரு தண்டவாள இணைப்பிலும் வாங்கும் அடியில் ஆர்ச்பார் போகிகள் இதை அனுபவித்துவந்தன. போல்ட் தளர்ந்ததும் சட்டங்கள் ஒன்றையொன்று அறைந்துகொள்ளும். போல்ட் துளையின் ஓரத்தில் விரிசல் பிறக்கும். விரிசல் வளர்ந்து சட்டம் முறிந்தால் ஆக்சில் விலகும், வேகன் தடம் புரளும்.

பெட்டன்டார்ஃப் தந்த தீர்வை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கழலக்கூடிய இணைப்பே இல்லாமல் செய்துவிடு. போகியின் பக்கச் சட்டம் முழுவதையும் ஒரே எஃகு வார்ப்பாக ஊற்றிவிடு. அதன் இரு முனைகளில் இருக்கும் ஆக்சில் பாக்ஸையும் தனியாகச் செய்து மாட்டாமல், அதே வார்ப்பின் பகுதியாக்கிவிடு. முன்பு ஒரு பக்கத்துக்குப் பல சட்டங்கள், இரண்டு பெட்டிகள், தூண்கள், போல்ட்டுகள், நட்டுகள் என்று இருந்த கூட்டம் ஒற்றைத் துண்டாகிவிட்டது.

சொல்வது எளிது, செய்வது 1900ஆம் ஆண்டு வாக்கில் எளிதாக இருக்கவில்லை. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1,200 டிகிரியில் உருகிவிடும், அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரப்பும், ஆனால் அடி தாங்காது, நொறுங்கும். எஃகு அடி தாங்கும். ஆனால் அது உருக 1,500 டிகிரி வேண்டும். உறையும்போது சுருங்கவும் செய்யும். இரண்டு மீட்டர் நீளச் சட்டம் என்றால் அந்தச் சுருக்கம் சில சென்டிமீட்டர் வந்துவிடும். மெல்லிய இடம் முதலில் உறைந்து தடித்த இடத்தை இழுக்கும். இரண்டும் சேரும் முனையில், இன்னும் சூடு ஆறாத எஃகு கிழியும். தடித்த இடத்தின் உள்ளே வெற்றிடம் விழும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எக்ஸ்ரே வைத்துப் பார்க்கும் வசதி வார்ப்பாலைகளுக்கு அப்போது கிடையாது. தடிமன் எங்கும் சட்டென்று மாறாதபடி வடிவத்தை வகுப்பது, சுருக்கத்துக்கு ஈடாக உருகிய எஃகை ஊட்டும் ரைசர்களைச் சரியான இடத்தில் வைப்பது, வார்த்த பிறகு மறுபடி சூடாக்கி உள் இறுக்கத்தைத் தணிப்பது என்று எல்லாம் கைவந்தால்தான் தேறும்.

தொழில் சூடு பிடித்த நேரத்தில், 1902இல், டேவன்போர்ட் தொழிற்சாலையை இருமுறை தீ தின்றது. ஒரே ஆண்டில் இரண்டு தீ விபத்து என்றால் நம் பக்கத்தில் என்ன நடந்திருக்கும்? முதலில் வாஸ்து பார்ப்பவர் வந்திருப்பார். வாசலைக் கிழக்கே மாற்றச் சொல்லியிருப்பார், ஈசான மூலையில் உலை இருக்கிறதே என்று உச்சுக்கொட்டியிருப்பார். லட்சங்களில் இயந்திரம் வாங்கும் பட்டறைகளில் இன்றும் இது நடப்பதைப் பார்க்கிறேன். அதே பட்டறையில் தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைப் பார்க்க ஆள் இருக்காது. எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

பெட்டன்டார்ஃப் சகோதரர்களும் இடத்தை மாற்றினார்கள். காரணம் நிலம். ஆற்றை ஒட்டி, கிழக்கே சிறிது தொலைவில், கில்பர்ட் என்ற குட்டி ஊர் இருந்தது. தொழிற்சாலை வந்தால் ஊர் பிழைக்கும் என்று கணக்குப் போட்ட ஊரார் ஆற்றோரம் அவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள். 1903இல் ஊரின் பெயரையே பெட்டன்டார்ஃப் என்று மாற்றிக்கொண்டார்கள். இன்றும் அந்த நகரத்துக்கு அதுவே பெயர். அங்கே எஃகு வார்ப்பாலையோடு முழு வேகன்களைக் கட்டும் ஆலையும் எழுந்தது.

இனி நெம்புகோலுக்கு வருவோம். இதற்காகத்தான் கட்டுரையே.

இந்தப் போகியில் சக்கரங்களும் அச்சுகளும் போக, பெரிய துண்டுகள் மூன்று. இடமும் வலமும் இரண்டு பக்கச் சட்டங்கள், அவற்றுக்குக் குறுக்கே போல்ஸ்டர் என்ற ஒரு தாங்கி. ஒவ்வொரு பக்கச் சட்டத்தின் நடுவிலும் ஜன்னல்போல ஒரு திறப்பு. அதன் அடியில் ஸ்பிரிங் கூட்டம் நிற்கிறது. போல்ஸ்டரின் முனை அந்த ஜன்னலுக்குள் நுழைந்து ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ஸ்டரின் நடுவில் ஒரு கிண்ணம். வேகனின் உடல் அந்தக் கிண்ணத்தில் அமர்கிறது. இப்படி இரண்டு போகிகள். அதாவது வேகனின் மொத்தப் பளுவும் இரண்டே இரண்டு புள்ளிகள் வழியாகக் கீழே இறங்குகிறது.

அந்தக் காலத்து ஐம்பது டன் வேகன், தன் எடையும் சேர்த்து, 76 டன் வரை வரும் என்று வையுங்கள். ஒரு கிண்ணத்துக்கு 38. கிண்ணம் போல்ஸ்டரின் சரி நடுவில் இருப்பதால் இரு முனைகளுக்கும் தலா 19. முனை உட்காரும் இடம் பக்கச் சட்டத்தின் சரி நடு. ஆகவே அதன் இரு கோடிகளில் உள்ள சக்கரங்களுக்குத் தலா ஒன்பதரை. எட்டுச் சக்கரத்துக்கும் சமமான பங்கு. சமதளத்தில் இதில் அதிசயம் எதுவும் இல்லை, எந்த வண்டியும் இதைச் செய்யும்.

அதிசயம் பாதை கெடும்போது. ஒரு தண்டவாள இணைப்பு மட்டும் இரண்டு சென்டிமீட்டர் உள்வாங்கியிருக்கிறது. இடப்பக்க முன்சக்கரம் அதில் இறங்குகிறது. நான்கு சக்கரங்களையும் ஒரே விறைப்பான சட்டத்தில் பூட்டியிருந்தால், மற்ற மூன்றும் சுமையைத் தாங்க, இந்தச் சக்கரம் அந்தரத்தில் நின்றிருக்கும். தண்டவாளத்தை அழுத்தாத சக்கரம் ஆபத்தானது. வளைவில் பக்கவாட்டு விசை வந்தால் அதன் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும்.

மூன்று துண்டுப் போகியில் என்ன நடக்கிறது? இடப்பக்கச் சட்டம் மட்டும் முன்பக்கமாகச் சாய்ந்து கொடுக்கிறது. வலப்பக்கச் சட்டத்துக்கு இது தெரியவே தெரியாது. இரண்டையும் விறைப்பாகக் கட்டிப்போட எதுவும் இல்லையே. சாய்ந்த பிறகும் சுமை சட்டத்தின் நடுவில்தான் அழுத்துகிறது, ஆகவே இரு கோடிகளுக்கும் அதே ஒன்பதரை டன்தான். கழியின் நடுவில் மூட்டையைத் தொங்கவிட்டு இருவர் தூக்கிப் போகும்போது, ஒருவர் பள்ளத்தில் கால் வைத்தாலும் பாதிப் பாரம் அவர் தோளில்தான் இருக்கும். பள்ளத்தில் நிற்கிறேன் என்று அவரும் தப்ப முடியாது, மேட்டில் நிற்பவருக்கும் கூடுதல் தண்டனை இல்லை.

இதற்கு ஸ்பிரிங்கே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். பயணிகள் பெட்டியில் ஒவ்வொரு ஆக்சில் பாக்ஸின் மேலும் ஒரு ஸ்பிரிங் வைத்து, அது சுருங்கி விரிந்துதான் சக்கரம் பாதையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்பிரிங் விரிந்தால் விசை குறையும், ஆகவே பங்கீடு தோராயம்தான். வேகன் போகி அதே வேலையை நெம்புகோல் விதியைக் கொண்டு செய்துவிடுகிறது. பங்கீடு கிட்டத்தட்டத் துல்லியம். வெற்று வேகனோ நிரம்பிய வேகனோ, விதி ஒன்றுதான். நம் ரயில்வேயின் பாக்ஸ்என் வேகன் காலியாக இருக்கும்போது இருபத்திரண்டரை டன், நிரம்பினால் 81 டன்னுக்கு மேல். எடை மூன்றரை மடங்குக்கு மேல் மாறுகிறது. காலியாக இருக்கும்போது நன்றாக இயங்குமளவுக்கு மென்மையான ஸ்பிரிங் வைத்தால் நிரம்பியதும் அடி தட்டிவிடும். நிரம்பிய எடைக்கு ஏற்றதை வைத்தால் காலி வண்டியில் அது கல்லாக நிற்கும். நெம்புகோலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆர்ச்பார் போகியும் இதே மூன்று துண்டு தத்துவம்தான். பெட்டன்டார்ஃபின் வார்ப்பு அதில் சேர்த்தது ஒரு தெளிவு. பக்கச் சட்டத்தின் உள்ளே இருந்த இணைப்புகள் யாருக்கும் தேவையில்லாதவை, அவற்றை உருக்கி ஒழித்தாயிற்று. மூன்று துண்டுகளுக்கு இடையே இருக்கும் இணைப்புகள் தளர்வாக இருந்தே ஆகவேண்டியவை, அவற்றில் கை வைக்கவில்லை. எது தளரக்கூடாது, எது தளர்ந்திருக்க வேண்டும் என்று பிரித்துப் பார்த்ததில்தான் எனக்குச் சொக்கிப்போகிறது.

வார்ப்போடு ஒன்றாகிப்போன அந்த ஆக்சில் பாக்ஸுக்குள்ளும் ஒரு கதை உண்டு. உள்ளே பந்தோ உருளையோ கிடையாது. சுழலும் அச்சின் மேல் ஒரு பித்தளைத் துண்டு கவிழ்ந்திருக்கும், அவ்வளவுதான். பெட்டியின் அடியில் எண்ணெயில் ஊறிய பஞ்சு நூல் கழிவு, அச்சைத் தொட்டபடி கிடக்கும். டன் கணக்கில் அழுத்தும்போது இடையில் எண்ணெய் எப்படி நிற்கும்? 1883இல் இங்கிலாந்தில் பொச்சாம்ப் டவர் என்ற பொறியாளர், இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் செலவில் இதைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் மேலே துளை போட்டால், எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் மேலே பொங்கி வந்தது. துளையை அடைத்துப் பார்த்தார், அடைப்பைத் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தமானியை மாட்டினால், சுமையின் சராசரி அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் காட்டியது. சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் செலுத்தி, அந்த அழுத்தத்தின் மேல் தாங்கியையே மிதக்க வைக்கிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதற்குச் சமன்பாடு எழுதினார். இன்று கார் எஞ்சினின் தாங்கிகள் முதல் மின்நிலைய டர்பைன் வரை அதே சமன்பாடுதான். டவருக்குப் பணம் கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டு என்ன லாபம் வரும் என்று கேட்டிருந்தால் அந்தத் துளையை யாரும் அடைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் பொறியியல் கல்லூரிகளில் உராய்வைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று நிதி கேட்டால் என்ன பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் வற்றினால் மிதப்பு போய்விடும், உலோகம் உலோகத்தை அரைக்கும், பெட்டி புகையும், அச்சு முறியும். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் இருப்பவர் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்த காலம் அது. பின்னாளில் ரோலர் பேரிங் பரவியதும் அந்த ஆக்சில் பாக்ஸும் அதன் மூடியும் மறைந்தன. பக்கச் சட்டம் மட்டும் தங்கிவிட்டது.

நிறுவனத்தின் மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் 1910 ஜூன் மாதம் இறந்தார், வயது ஐம்பத்துமூன்றை எட்டவில்லை. ஜோசப் பொறுப்பேற்று ஆலையை நடத்தினார். 1920கள் வரை ஊரே அதை நம்பி வாழ்ந்தது. பிறகு 1930களின் பொருளாதாரப் பெருமந்தம். சரக்கு இல்லாத காலத்தில் ரயில்வேக்கள் புது வேகன் வாங்குமா? ஜோசப் 1933இல் இறந்தார், ஆலையும் ஓய்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வளாகம் டாங்கித் தொழிற்சாலையானது. எம்7 என்ற டாங்கியை அங்கே கட்டத் தொடங்கி, கைவிரல்களில் எண்ணும் அளவுக்குக் கட்டியதுமே ராணுவம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஜே. ஐ. கேஸ் நிறுவனம் அங்கே விவசாய இயந்திரங்கள் செய்தது. கலப்பையில் தொடங்கியவரின் இடம் சுற்றிச் சுற்றிப் பண்ணைக்கே போய்ச் சேர்ந்தது. ஆர்ச்பார் போகிகள் ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்கு மாறிச்செல்வதை 1940 வாக்கில் அமெரிக்க ரயில்வேக்களின் கூட்டமைப்பு தடை செய்தது. மாதிரி ரயில் செய்து விளையாடும் அமெரிக்கர்கள், யார் வார்த்த சட்டமாக இருந்தாலும், ஆக்சில் பாக்ஸோடு சேர்த்து வார்த்திருந்தால் அதை இன்றும் பெட்டன்டார்ஃப் என்றே சொல்கிறார்கள்.

தளர்வுக்கு விலையும் உண்டு. ரயில் சக்கரம் லேசாகக் கூம்பு வடிவில் இருக்கும். அச்சு இடப்பக்கம் நகர்ந்தால் இடச்சக்கரம் பெரிய விட்டத்தில் உருண்டு, அச்சைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரும். ஆனால் நடுவில் நிற்காமல் மறுபக்கம் போய்விடும். பாம்பு நடை. அமெரிக்கப் பாதையின் அகலத்துக்கு, இருபதுக்கு ஒன்று என்ற புதுச் சக்கரச் சரிவுக்கு, இந்த நெளிவின் நீளம் ஏறக்குறைய 16 மீட்டர் வரும் என்று 1883இல் ஜெர்மானியப் பொறியாளர் கிளிங்கல் தந்த வாய்பாடு சொல்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஒன்றே கால் தடவை. வேகம் ஏற ஏற ஆட்டமும் வேகமாகும். மூன்று துண்டுகளும் தளர்வாக இருப்பதால், காலி வேகனில் போகி செவ்வகம் குலைந்து சாய்சதுரமாகி ஆட்டத்தை வளர்க்கும். ரயில்வேக்காரர்கள் இதை ஹண்டிங் என்பார்கள்.

மேலும் கீழுமான துள்ளலுக்கு 1940களில் பரவிய மருந்து எளிமையானது: ஆப்பு. போல்ஸ்டர் முனையின் இருபுறமும் ஓர் இரும்பு ஆப்பு, அதன் அடியில் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆப்பை மேலே தள்ள, சரிவான முகம் அதைப் பக்கச் சட்டத்தின் மேல் அழுத்த, உராய்வு துள்ளலைத் தின்றுவிடுகிறது. பல வடிவமைப்புகளில் சுமை கூடினால் அந்த ஸ்பிரிங்கும் கூடவே சுருங்குவதால் உராய்வும் தானாகக் கூடுகிறது. எண்ணெய் டேம்பருக்கு இந்தப் புத்தி கிடையாது. அதே ஆப்பு போகி கோணிப்போவதையும் ஓரளவு தடுக்கிறது.

வாசகர் லெவல் கிராசிங்கில் பார்த்தது, நம் ரயில்வே வேகன்களில் பரவலாக இருக்கும் காஸ்நப் போகியாக இருக்க வேண்டும். அதுவும் இரண்டு எஃகு வார்ப்புச் சட்டங்கள், ஒரு போல்ஸ்டர், ஆப்புகள் என்ற இதே குடும்பம்தான். அமெரிக்கர்கள் பின்னாளில் கைவிட்ட ஸ்பிரிங் பிளாங்க் என்ற குறுக்குத் தகடு இதில் உண்டு. இரண்டு பக்கச் சட்டங்களின் அடியையும் அது இணைக்கிறது. மெல்லிய தகடு முறுகிக் கொடுக்கும் என்பதால் சட்டங்கள் தனித்தனியாகச் சாய்வதை அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் தன் தளத்திலேயே கோணலாக மறுப்பதால், செவ்வகம் சாய்சதுரமாவதைத் தடுக்கும்.

1970களில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஷெஃபல் இதைவிட ஒரு படி மேலே போனார். முன் அச்சையும் பின் அச்சையும் குறுக்கு மறுக்காகத் தண்டுகளால் இணைத்தார். வளைவில் இரண்டு அச்சுகளும் எதிரெதிராகத் திரும்பலாம், நேர்ப்பாதையில் சேர்ந்து நெளிய முடியாது. ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் கனரக ரயில்களில் சக்கரத் தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் இந்த வகைப் போகிகள் பரவலாகாததற்குக் காரணம் இயந்திரவியல் அல்ல. அங்கே பல வேகன்கள் ரயில்வேக்கு வெளியே உள்ள நிறுவனங்களின் சொத்து. போகிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வேகன்காரர், தேய்மானம் குறைந்து லாபம் பார்ப்பது தண்டவாளக்காரர்.